பெட்டி வேண்டா, தட்டு வேண்டும்

திருவருகைக்காலத்தின் மூன்றாம் வாரம் பிறந்துவிட்டால் போதும். திண்டுக்கல் கடைவீதிகளில் அட்டைப் பெட்டிகள் அடுக்கடுக்காக உயர்கின்றன. நட்சத்திரம் அச்சிட்ட பெட்டி, வெண்தாடித் தாத்தா சிரிக்கும் பெட்டி, பனி பொழியும் பெட்டி என அவற்றுள் பல வகை. நம் மலைக்கோட்டையின்மீது பனிமழை பெய்ததாக எவரும் கேள்விப்பட்டதில்லை. ஆயினும் நம் கிறிஸ்மஸ் பெட்டியின்மீது ஆண்டுதோறும் தவறாமல் பெய்கிறது! உள்ளே வண்ணப் பாலேடு பூசிய கேக்குத் துண்டுகள், பளபளக்கும் தாளில் சுற்றிய மிட்டாய்கள், நிறம் ஏற்றிய இனிப்புகள். விலை கொடுக்கிறோம், பெட்டியைப் பெறுகிறோம், குழந்தையின் கையில் தருகிறோம். குழந்தை திறக்கிறது, தின்கிறது, பெட்டியை எறிகிறது. விழா முடிந்தது.

இந்தப் பெட்டியோடு வழக்காடவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம். நம் கட்சியைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். கிறிஸ்து பிறப்பு விழாவின் பலகாரம், குழந்தைகளுக்கென வாங்கித் தரும் பண்டம் அன்று. குழந்தைகளோடு அமர்ந்து வீட்டில் செய்து, குழந்தைகளின் கையாலேயே பிற வீடுகளுக்குச் சென்று சேரவேண்டிய பங்கு. செய்தல் ஒன்று, சுமந்து செல்லுதல் மற்றொன்று. இவ்விரண்டையும் பெட்டி நம் பிள்ளைகளிடமிருந்து பறித்துக்கொண்டது. பறிபோனது நாவின் சுவை மட்டுமாயின் நாம் இத்துணை வருந்தமாட்டோம். பறிபோனது விசுவாசத்தின் ஒரு பாடம்.

முதலில் செய்தலைப் பற்றிப் பார்ப்போம்.

நம் பக்கத்து வீடுகளில் விழாவை முன்னிட்டுச் செய்யப்படும் பண்டங்களை எண்ணிப் பாருங்கள். முறுக்கு, அதிரசம், அச்சு முறுக்கு, கலகலா, சோமாசி, எள்ளுருண்டை, பொரி உருண்டை. இவற்றுக்கு வேண்டிய பொருள்களில் பெரும்பாலானவை கைக்கெட்டும் தொலைவில் கிடைப்பவை. பழனியை அடுத்த நெய்க்காரப்பட்டி வெல்லத்துக்குப் பெயர்பெற்ற ஊர். நிலக்கடலையும் எள்ளும் நம் புன்செய் நிலங்கள் தருபவை. பணியாரத்தில் பிசைவதற்குச் சிறுமலைப் பழம் இருக்கிறது. இப்பண்டங்கள் அனைத்துக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. இவற்றைத் தனியொருவர் செய்வது கடினம். பலர் கூடினால் எளிது. மாவைச் சலிக்க ஒருவர், பிசைய ஒருவர், உருட்ட நால்வர், எண்ணெய்ச் சட்டியருகே ஒருவர், ஆறியதை எண்ணிப் பாத்திரத்தில் அடுக்க ஒருவர். உருட்டும் நால்வருள் மூவர் குழந்தைகளாக இருப்பர். அவர்கள் உருட்டியது கோணலாக இருக்கும். ஆனால் அதைத்தான் வீடு முழுதும் முதலில் தேடித் தின்னும்.

கலகலா மாவைச் சில வீடுகளில் கத்தியால் சாய்சதுரமாக வெட்டுவர். வேறு சில வீடுகளில் முள்கரண்டியின் முதுகில் வைத்து விரலால் அழுத்திச் சிப்பிபோல் சுருட்டுவர். ஐந்து வயதுக் குழந்தை மணிக்கணக்கில் சலிக்காமல் செய்யக்கூடிய வேலை அது. அச்சு முறுக்கைச் சுடுபவர் பெரியவராகத்தான் இருக்கவேண்டும். ஆனால், அச்சை முதலில் எண்ணெயில் காயவைப்பது ஏன், மாவில் முக்கால் அளவே முக்குவது ஏன், முழுதும் முக்கினால் பூ அச்சைவிட்டுக் கழலாமல் ஒட்டிக்கொள்வது ஏன் என்று தள்ளி அமர்ந்து கேட்கும் குழந்தை பொறுமையையும் அளவையும் கற்றுக்கொள்கிறது.

அதிரசமோ திருவருகைக்காலத்தின் பொருளையே சொல்லித் தருகிறது. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றும் போவதற்குமுன் இடிக்கவேண்டும். வெல்லப் பாகு, தண்ணீரில் விட்டால் கரையாமல் உருட்ட வரும் பதத்தில் இறங்கவேண்டும். பிசைந்த மாவை உடனே சுட்டுவிடலாகாது. ஓரிரு நாளேனும் மூடி வைக்கவேண்டும். அவசரப்பட்டுச் சுட்டவர் வீட்டு அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும். காத்திருத்தல் என்னும் சொல்லை மறைக்கல்வி வகுப்பில் பத்து முறை விளக்கலாம். மூடி வைத்த மாவுப் பானையை நாள்தோறும் எட்டிப் பார்த்து, 'இன்றைக்கா, நாளைக்கா?' என்று கேட்கும் குழந்தைக்கு அந்த விளக்கம் தேவையில்லை. பெட்டியில் வரும் இனிப்புக்கோ காத்திருத்தல் இல்லை. பணம் உண்டு, பண்டம் உண்டு, அவ்வளவே.

'விசுவாசத்துக்கும் பலகாரத்துக்கும் என்ன உறவு? வயிற்றுக்கு உரியதை ஆன்மாவோடு சேர்த்துக் குழப்புகிறீர்களே!' என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் விடுதலைப்பயண நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தைத் திருப்பிப் பார்க்கட்டும். பாஸ்கா உணவை வீட்டில் உண்ணவேண்டும்; இவ்வழிபாட்டின் பொருள் யாது என்று பிள்ளைகள் வினவும்போது பெற்றோர் விடை கூறவேண்டும் என்றே அங்கு விதிக்கப்பட்டிருக்கிறது. மறைக்கல்வியின் முதல் வகுப்பறை உணவு மேடையே. நம் ஆண்டவர் பிறந்த ஊருக்குப் பெத்லகேம் என்று பெயர். எபிரேய மொழியில் அதன் பொருள் அப்பத்தின் வீடு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டு வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தது. இல்லம் திருச்சபையாயின், அதன் அடுப்படியைச் சமயத்துக்குப் புறம்பான இடமென்று எவர் கூறமுடியும்?

அண்டையிலுள்ள கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவர்களைப் பாருங்கள். பெரிய வியாழன் இரவில் அவர்கள் வீட்டிலேயே பெசகா அப்பம் செய்கின்றனர். குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவந்த ஓலையைச் சிலுவையாக அதன்மேல் வைக்கின்றனர். குடும்பத் தலைவர் செபித்துப் பிட்டு அனைவருக்கும் தருகிறார். துக்கம் நிகழ்ந்த வீட்டில் அவ்வாண்டு அப்பம் செய்வதில்லை. அயலார் கொண்டுவந்து கொடுக்கின்றனர். குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய சனியைக் கொழுக்கட்டைச் சனி என்றே அழைக்கின்றனர். கடல் கடந்து மெக்சிகோ நாட்டைப் பாருங்கள். சனவரி 6, மூவரசர் திருநாளன்று வளைய வடிவான ஓர் இனிப்பு ரொட்டிக்குள் சின்னஞ்சிறு குழந்தை உருவம் ஒன்றை ஒளித்துவைக்கின்றனர். எவருடைய துண்டில் அது அகப்படுகிறதோ, அவர் பிப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாளன்று மற்றவர்களுக்கு விருந்து வைக்கவேண்டும். பண்டத்துக்குள் விளையாட்டு, விளையாட்டுக்குள் கடமை! பெறுகிறவர் கொடுப்பவராக மாறவேண்டும் என்னும் மறையுண்மையை ஒரு ரொட்டித் துண்டு சொல்லித் தருகிறது.

பெட்டிப் பண்டத்தின் நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். குழந்தைகள் வண்ணத்தை விரும்புவது இயல்பே. ஆனால் எந்த வண்ணம்? பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்னும் சாயம் கலந்திருப்பதைக் கண்டறிந்து, 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்ததை நாம் அறிவோம். துணிக்குப் போடும் சாயம் குழந்தையின் நாவுக்கு வந்துசேர்ந்த கதை அது. அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்களுக்குங்கூட, 1 கிலோ உணவுக்கு 100 மில்லிகிராம் என்று சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. கடைப் பண்டம் எல்லாம் நஞ்சு என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பொய்யாகும். பீட்ரூட் சாறு சிவப்பு தரும், மஞ்சள் தூள் பொன்னிறம் தரும், கீரைச் சாறு பச்சை தரும் என்பதைக் கண்டு வியக்கும் வாய்ப்பைப் பெட்டி எந்தக் குழந்தைக்கும் தருவதில்லை என்றே சொல்கிறோம்.

இனி இரண்டாவது இழப்புக்கு வருகிறோம். நம் வழக்கின் உயிர்நாடி இதுவே.

வீட்டில் செய்த பலகாரம் தட்டில் ஏறும். அதன்மேல் ஒரு துணி மூடும். குழந்தையின் கையில் அது தெருவுக்கு இறங்கும். தீபாவளிக்கு நமக்குத் தட்டு அனுப்பிய இந்து அன்பர் வீட்டுக்கும், ரமலான் பெருநாளில் பிரியாணி அனுப்பிய இசுலாமிய அன்பர் வீட்டுக்கும் அது செல்லும். அவ்வாண்டில் துக்கம் கண்டு பலகாரம் சுடாத வீட்டுக்கு முதலில் செல்லும். வெறுந்தட்டாகத் திரும்புவது வழக்கமன்று; ஒரு பிடி சர்க்கரையோ இரண்டு பழமோ அதில் வந்துசேரும். வீடுகளுக்கு இடையே தட்டைச் சுமந்து நடந்த குழந்தை, ஊரின் உறவுகளைக் காலால் கற்றது.

ஆயின், ஒரு கேள்வியை நாம் இங்கே தவிர்க்கலாகாது. அந்தத் தட்டு எல்லா வீடுகளுக்கும் சென்றதா?

இல்லை. தட்டின் காலம் பொற்காலம் என்று பாடுவதற்கு நாம் இதை எழுதவில்லை. ஒரே ஆலயத்தில் ஒரே அப்பத்தைப் பெற்றவர்கள், ஆலயத்தை விட்டு வெளியே வந்ததும் தனித்தனித் தெருக்களுக்குப் பிரிந்தார்கள். மேலத்தெருவின் அதிரசம் கீழத்தெருவுக்குச் சென்றால் பழைய பாத்திரத்தில் கொட்டப்பட்டது. கீழத்தெருவின் முறுக்கு மேலத்தெருவுக்கு வரவே இல்லை. சமைக்காத அரிசியையும் காயையும் பழத்தையும் எவரிடமும் பெறலாம், சமைத்ததை இன்னாரிடமிருந்து பெறலாகாது என்பது சாதி வகுத்த விதி. திருமுழுக்குத் தண்ணீர் அந்த விதியை முழுவதும் கழுவிவிடவில்லை. இந்திய ஆயர் பேரவையே 2016ஆம் ஆண்டு திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு நிலவுவதை ஒப்புக்கொண்டு, தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையை வெளியிடவேண்டியிருந்தது. 'காலனி' என்னும் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் அறிவித்தது. சொல் ஏட்டைவிட்டு நீங்கலாம். தட்டு செல்லாத தெரு என்னும் நிலை எப்போது நீங்கும்?

இந்த இடத்தில்தான் பெட்டி நமக்குச் செய்யும் பேருதவியைக் கவனியுங்கள். பெட்டிக்குக் கை இல்லை. யார் பிசைந்த மாவு, யார் வீட்டு அடுப்பு என்னும் வினா பெட்டியின்முன் எழுவதே இல்லை. இயந்திரம் முத்திரையிட்ட பண்டத்தை எவருக்கும் கொடுக்கலாம், எவரிடமிருந்தும் வாங்கலாம். மனத்திலுள்ள தீட்டு அப்படியே பத்திரமாக இருக்கும்! பெட்டி சாதியைக் கடந்துவிட்டது என்று மகிழ்வோர் உண்டு. கடக்கவில்லை, சுற்றிக்கொண்டு போய்விட்டது. கையை நீட்டவேண்டிய இடத்தில் கையுறையை மாட்டிக்கொண்டோம், அவ்வளவே. பண்டிகை நாளில் ஏழை எளியவருக்குக் கேக்குப் பெட்டிகளை வழங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கமும் இவ்வகையதே. அங்கே பெட்டி ஒரு திசையில் மட்டுமே பயணம் செய்கிறது. கொடுப்பது எளிது, வாங்கி உண்பதே அளவுகோல். அயலான் வீட்டுக் குழந்தை கோணலாக உருட்டிய முறுக்கை, அதே தட்டிலிருந்து எடுத்து, அவன் கண்முன்னே கடித்துத் தின்னும்போதுதான் நாம் ஒரே அப்பத்தில் பங்குகொள்பவர் என்பது மெய்யாகிறது.

இது நடவாத காரியம் என்று சொல்வோர் நம் மறைமாவட்டத்துக்குள்ளேயே சான்றைக் காணலாம். திண்டுக்கல் முத்தழகுபட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத் திருவிழாவுக்கு மக்கள் ஆடும் கோழியும் அரிசியும் காயும் காணிக்கையாகக் கொண்டுவருகின்றனர். அவை அனைத்தும் ஒன்றாகச் சமைக்கப்பட்டு, சமயம் பாராமல் திரண்டு வருவோர் அனைவருக்கும் விருந்தாகப் பரிமாறப்படுகின்றன. எந்த ஆடு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அங்கே எவர் கேட்கிறார்? ஒரு நாள் ஆலய வளாகத்தில் முடிவது, மற்ற நாள்களில் வீட்டு வாசலில் முடியாதோ?

இனி நம்மை மறுத்துரைப்போரின் சொற்களையும் நேர்மையோடு எடைபோடுவோம்.

'பலகாரம் சுடுவது பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை. பெட்டி வந்தபிறகே அவர்கள் மூச்சு விடுகிறார்கள்' என்பது முதல் மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. ஆண்கள் நாற்காலியில் அமர்ந்து பதம் சொல்ல, பெண்கள் அடுப்பின்முன் வெந்து, நள்ளிரவுத் திருப்பலியில் உறங்கி விழுந்த விழாக்கள் பல. அந்தப் பழக்கத்தை மீட்டுத் தாருங்கள் என்று நாம் கேட்கவில்லை. தந்தை மாவு பிசையட்டும். மகன் முறுக்கு அச்சை அழுத்தட்டும். அது மகளின் வேலை மட்டுமன்று என்று அவன் ஐந்து வயதிலேயே அறியட்டும். ஏழு வகை வேண்டா. ஒரே வகை போதும். ஒரு படி மாவு போதும். பெண்ணின் சுமையைக் குறைக்கும் வழி வேலையைப் பகிர்வதே. வேலையைக் கடைக்கு விற்றுவிட்டு, பிள்ளைகளைத் தொலைக்காட்சியின் முன்னும் கைப்பேசியின் முன்னும் அமர்த்துவது அன்று.

'நேரம் ஏது? அரையாண்டுத் தேர்வு விழாவின் வாசல் வரை வந்துவிடுகிறதே' என்பது இரண்டாவது. தேர்வு முடிந்த மறுநாள் மாலை மூன்று மணி நேரம் போதும். அம்மூன்று மணி நேரத்தையும் தர இயலாத குடும்பம், கடைவீதியில் பெட்டி வாங்குவதற்கு எத்தனை மணி நேரம் செலவிட்டது என்று கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

'குழந்தைகளுக்குக் கேக்குத்தான் பிடிக்கிறது' என்பது மூன்றாவது. கேக்கின்மேல் நமக்குப் பகையில்லை. 1883ஆம் ஆண்டு தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்னும் ரொட்டிக் கடைக்காரர், சீமையிலிருந்து வந்த ஒரு கேக்கைச் சுவைத்துப் பார்த்து, அதேபோல் தாமும் ஒன்றைச் செய்து ஆங்கிலேயத் தோட்ட முதலாளிக்குக் கொடுத்தார் என்றும், அதுவே இந்தியரின் கைபட்ட முதல் கிறிஸ்மஸ் கேக்கு என்றும் சொல்வர். அவர் பெருமை பெற்றது வாங்கியதனால் அன்று, செய்ததனால். உங்கள் பிள்ளை கேக்கை விரும்பினால் கேக்கையே வீட்டில் செய்யட்டும். பண்டம் எதுவாயினும் ஆகுக. கை பிள்ளையின் கையாக இருக்கட்டும். ரொட்டிக் கடைக்காரரின் பிழைப்பையும் நாம் கெடுக்க வரவில்லை; ஆண்டில் மற்றத் திருநாள்களும் பிறந்தநாள்களும் அவருக்கு இருக்கின்றன.

'சூடான எண்ணெய் அருகே குழந்தைகளா?' என்பது நான்காவது. முற்றிலும் நியாயமான அச்சம். எண்ணெய்ச் சட்டியும் கொதிக்கும் பாகும் பெரியவர்களுக்கே உரியவை. குழந்தைகள் அவற்றுக்கு எட்டாத தொலைவில், தரையில் பாய் விரித்து அமரட்டும். உருட்டலும் வெட்டலும் அடுக்கலும் அங்கேயே நடக்கலாம்.

மறுப்பதோடு நில்லாமல் ஒரு வழியும் சொல்லிவிடுகிறோம். ஒவ்வோர் அன்பியமும் இவ்வாண்டு ஒரு மாலையைக் குழந்தைகளுக்கென ஒதுக்கிப் பலகாரக் குடில் அமைக்கட்டும். முறுக்கு மாவைக் கையால் குச்சிகளாக உருட்டிச் சுட்டெடுத்தால் குடிலுக்குச் சுவர் ஆயிற்று. ஓமப்பொடியைப் பரப்பினால் வைக்கோல். பொரி உருண்டைக்குக் கருப்பு எள்ளால் கண் வைத்தால் ஆட்டுக்குட்டி. கலகலா மாவை ஐந்து முனையாக வெட்டினால் விண்மீன். மூவரசருக்கு அச்சு முறுக்கைவிட அழகிய மணிமுடி எங்கே கிடைக்கும்? 1223ஆம் ஆண்டு கிரேச்சோ என்னும் இத்தாலியச் சிற்றூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் முதன்முதலாகப் பிறப்புக் காட்சியை அமைத்தபோது, அங்கே பொம்மைகள் இல்லை. உண்மையான வைக்கோலும் மாடும் கழுதையும் இருந்தன. அத்திருநாளில் செல்வர்கள் ஏழைகளுக்கு வயிறார உணவளிக்கவேண்டும், மாட்டுக்கும் கழுதைக்குங்கூடத் தீனி மிகுத்து இடவேண்டும் என்று அவர் விரும்பினார். குடிலும் உணவும் தொடக்கத்திலிருந்தே உடன்பிறப்புகள்.

குடிலைப் பார்த்து மகிழ்ந்தபின் அதைப் பிரித்துத் தட்டுகளில் வைப்போம். சீட்டுக் குலுக்கி, எந்தக் குழந்தை எந்த வீட்டுக்குச் செல்லவேண்டும் என்று முடிவு செய்வோம். சீட்டுகளில் பங்கின் எல்லா வீடுகளும் இருக்கட்டும். எந்தத் தெருவும் விடுபடலாகாது. தட்டு வெறுமையாகத் திரும்பவேண்டா. அந்த வீட்டார் செய்ததில் கொஞ்சம் அதில் வரட்டும். வந்ததை அங்கேயே, அனைவர் முன்னிலையிலும், பெரியவர்கள் முதலில் எடுத்து உண்ணட்டும். குழந்தைகள் அதைப் பார்க்கட்டும். சாதியை மறுத்து நாம் ஆற்றும் நூறு சொற்பொழிவுகளைவிட, தந்தையின் வாய்க்குச் செல்லும் அந்த ஒரு முறுக்கு அவர்கள் நினைவில் நீண்டநாள் நிற்கும்.

ஐயாயிரம் பேரின் பசியைத் தீர்த்த நிகழ்ச்சியை நான்கு நற்செய்தியாளரும் எழுதியுள்ளனர். அந்த அப்பங்கள் ஒரு சிறுவனிடமிருந்து வந்தன என்பதையும், அவை வாற்கோதுமை அப்பங்கள் என்பதையும் யோவான் ஒருவரே குறித்து வைத்தார். வாற்கோதுமை அக்காலத்தில் ஏழைகளின் தானியம். விலையுயர்ந்த பண்டத்தை ஆண்டவர் தேடவில்லை. சிறுவன் ஒருவன் கையிலிருந்ததைக் கேட்டுப் பெற்று, அதைப் பெருக்கினார். நம் பிள்ளைகளின் கைகள் இன்று வெறுமையாக இருக்கின்றன. கடையில் வாங்கிய பெட்டியைத் திறப்பதற்கு மட்டுமே அவை பழகியிருக்கின்றன. அந்தக் கைகளில் ஆண்டவர் வந்து கேட்டால் கொடுப்பதற்கு என்ன இருக்கும்?

பெற்றோரே, பெட்டியை இவ்வாண்டு கடையிலேயே விட்டுவிடுங்கள். மாவை எடுத்து வையுங்கள், பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், தட்டைத் துடையுங்கள். அது இதுவரை செல்லாத வீட்டுக்கு முதலில் செல்லட்டும்.